தேதி முடிந்த துணி

ரிச்சர்ட்ஸ் டவுன் டென்சிலைப் போல ஒரு கறார்ப் பேர்வழியை பெங்களூரின் பொம்மசந்திரா தொழிற்பேட்டை முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. அவன் வேலை செய்த தொழிற்சாலையில், பிசின் ஊறிய கார்பன் துணியை அச்சின் மேல் அடுக்கடுக்காக ஒட்டி, ஓவனில் வேகவைத்து, விமானத்துக்கான பாகங்கள் செய்வார்கள். இரும்பின் பலம் இருக்கும், எடையோ அதில் கால்வாசிகூட வராது. அந்தத் துணி ஃப்ரீஸரில் இருக்கும். ஒவ்வொரு சுருளிலும் கெடு தேதி எழுதியிருக்கும். ஒரு நாள் தாண்டினாலும் டென்சில் தூக்கிக் கழிவில் போட்டுவிடுவான், யார் கெஞ்சினாலும் சரி.

அப்பேர்ப்பட்டவன்தான் சொந்த மகளுக்கு அந்தத் தப்பைச் செய்தான்.

லவினாவுக்கு ஒன்றரை வயதில் போலியோ. பதினேழு வயதிலும் இடது காலில், நடக்கத் தாங்கிப் பிடிக்கும் இரண்டு கிலோ இரும்புக் காலிப்பர். 1996இல் ஒருநாள், கார்பனிலேயே அவளுக்கு ஒன்று செய்தால் என்ன என்று டென்சிலுக்குத் தோன்றியது. மேலாளர் கோவிந்தப்பாவிடம் நல்ல துணி கேட்கக் கூச்சம். கழித்துப்போட்ட சுருளை மட்டும் கேட்டு வாங்கினான். தொட்டுப் பார்த்தான், பிசின் இன்னும் காயாமல் விரலில் ஒட்டியது. போதும் என்று நினைத்துவிட்டான். அடப்பாவி, கை சொன்னால் ஆயிற்றா? பிறகு தேதி எதற்கு?

மூன்று வாரம் அந்த வீட்டில் ஒரே சிரிப்புதான். "டாடி, கால்ல எதுவும் இருக்கறதே தெரியல!" என்று லவினா மாடிக்கும் கீழுக்குமாக நடந்தாள். நான்காவது வாரம், பிரேசர் டவுனில் பஸ் ஏறும்போது அது பட்டென்று முறிந்தது. இரும்பென்றால் முதலில் கொஞ்சம் வளைந்தாவது காட்டும். இது எதுவும் காட்டவில்லை. விழுந்ததில் அவளுடைய நல்ல காலின் தொடை எலும்பு உடைந்தது.

விஷயம் கேட்டு கோவிந்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். "ஏன்ரீ டென்சில், ஒரு வார்த்தை கேட்டிருந்தா புதுத் துணியே குடுத்திருப்பேனே!" என்று கன்னடம் கலந்து புலம்பியவர், அன்றே எடுத்துக் கொடுத்தார்.

டென்சில் பத்து நாள் உட்கார்ந்து இன்னொன்று செய்தான். தானே ஏறி நின்று, மிதித்து, குதித்துப் பார்த்தான். லவினாவுக்கு எலும்பு கூடி எழுந்து நிற்க ஆறு மாதம் ஆயிற்று. அன்று அதைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தான். அவள் மெதுவாகத் தடவிப் பார்த்தாள். பிறகு கட்டிலுக்கடியிலிருந்து இரும்பை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

"டாடி மேல கோவமா, பாப்பா?"

"ஐயோ, இல்ல டாடி. உங்கள நான் நம்பறேன். இந்தக் காலுதான் நம்ப மாட்டேங்குது."

டென்சில் புதியதை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனான். வாயில் துண்டை அடைத்துக்கொண்டு, அவள் காதில் விழாமல் அழுதான்.