மிட்சுயோவின் அறுநூற்று நாற்பது புத்தகங்கள்

மிட்சுயோ-சானை ஏமாற்றியவர்கள் இரண்டு பேர். ஒருவன் அவருடைய மகன் நொபுஹிரோ. இன்னொருத்தி நான். மகனைத் திட்டியே இந்தக் கதையைச் சொல்லி முடித்துவிட எனக்கும் ஆசைதான். முடியாது.

கோபே நகரில் மலையோரத்து அடுக்குமாடியில் எங்கள் இருவருக்கும் எதிரெதிர் வீடு. முப்பது வருடம் படகுத்துறையில் டிக்கெட் கொடுத்துச் சம்பாதித்ததில் பாதியைப் பழைய புத்தகக் கடைகளிலேயே விட்டவர் அவர். கணவர் இறந்த பிறகு படுக்கையறையின் மூன்று சுவரும் அலமாரிதான். சாப்பிடக் கூப்பிட்டால், "இரு சாதோமி-சான், இந்தப் பொம்பளை யாரைக் கட்டிக்கிட்டான்னு தெரியாம எனக்குச் சோறு இறங்காது" என்பார்.

போன குளிர்காலத்தில் ஒரு நிலநடுக்கம் வந்தது. சாயாமல் இருக்க அலமாரிக்கும் கூரைக்கும் நடுவே கொடுத்திருந்த முட்டுக்கம்பி நழுவி, ஓர் அலமாரி அப்படியே தலையணை மேல் சாய்ந்தது. மிட்சுயோ-சான் அந்த நேரம் கழிப்பறையில் இருந்ததால் பிழைத்தார். ஹிமேஜியிலிருந்து மகன் ஓடிவந்தான். புத்தகங்களைத் தன் வீட்டுப் பக்கம் ஒரு கிடங்கில் வைப்பதாகவும், இடுப்பு உயர அலமாரிகள் வாங்கியதும் திருப்பிக் கொண்டுவருவதாகவும் அம்மாவிடம் சொன்னான். அவர் நம்பினார்.

பெட்டி கட்டும்போது, கையெழுத்து நன்றாக இருக்கும் என்று கூரியர் சீட்டுகளை என்னிடம் நீட்டினான். அதில் எழுத வேண்டிய முகவரி கிடங்குடையது இல்லை. புத்தகத்தின் முதுகை அறுத்து, தாள் தாளாக ஸ்கேன் செய்து கொடுக்கும் ஒரு கடையுடையது. அறுத்த தாள் திரும்பி வராது, கூழாகிவிடும். வீட்டிலேயே இதைச் செய்கிறவர்களும் உண்டு. 'சொந்தச் சமையல்' என்று அதற்குச் செல்லப்பெயர் வேறு. சமையலாம்!

"உங்க அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கிசுகிசுத்தேன்.

"சொன்னா விடுவாங்களா? அடுத்த தடவையும் அவங்க கழிப்பறையிலதான் இருப்பாங்கன்னு நீங்க உத்தரவாதம் தர்றீங்களா? நானே பக்குவமா சொல்லிக்கிறேன்."

பதினேழு சீட்டும் எழுதினேன். அடுக்களையில் மிட்சுயோ-சான் எங்களுக்காகச் சோற்று உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். அதையும் வெட்கமில்லாமல் தின்றேன்.

அவன் சொல்லவில்லை. மின்நூல் கருவி ஒன்றை வாங்கி, பத்துப் புது நாவல்களைப் போட்டு அம்மாவுக்குக் கொடுத்தான். முதல் வாரம் ஒரே புலம்பல். "சோப்புக்கட்டி மாதிரி இருக்கு! எவ்வளவு படிச்சேன்னு கைக்கே தெரிய மாட்டேங்குது." அடுத்த மாதம் எழுத்தைப் பெரிதாக்கப் பழகினார். அப்புறம் அதை பிளாஸ்டிக் பையில் போட்டுக் குளியல் தொட்டிக்கே எடுத்துப் போனார். "என் புத்தகங்க வந்ததும் அதுங்ககிட்ட இதைப் பத்தி மூச்சு விடாதே, கோவிச்சுக்கும்" என்று சிரித்தார். இடுப்பு உயரத்தில் நான்கு அலமாரி வாங்கி, தினமும் துடைத்துவைத்துக் காத்திருந்தார். டீ குடிக்கப் போகும்போதெல்லாம் அந்தக் காலித் தட்டுகளைப் பார்த்தேன். நானும் சொல்லவில்லை.

அக்டோபரில் அவருடைய பிறந்தநாள் வந்தது. மகன் ஆசை ஆசையாக அறுநூற்று நாற்பது பழைய புத்தகங்களையும் அந்தக் கருவியில் ஏற்றிவிட்டு, எப்படி என்று சொல்லாமலே ஊருக்குப் போனான். அம்மாவுக்கு வேண்டியது கதைதானே, அது கிடைத்தால் குளிர்ந்துபோவார் என்று நினைத்திருக்கிறான், மடையன். மறுநாள் காலையில் என் வீட்டு மணி அடித்தது.

"இதைப் பாரு" என்று கருவியை நீட்டினார். ஒரு பக்கம் முழுக்கப் பென்சில் கோடுகள். "நானும் என் வீட்டுக்காரரும் கோடு போட்டே சண்டை போட்ட பக்கம். அவருக்கு நீலப் பென்சில், எனக்குச் சிவப்பு. இதுல எல்லாமே சாம்பலா இருக்கு. எது அவர் போட்ட கோடுன்னு எனக்கே தெரியல."

நான் கருவியை வாங்கி அந்தப் பக்கத்தைப் பார்த்தேன்.

"நொபுவுக்குப் போன் பண்ணேன். அறுத்துட்டாங்களாம். 'எல்லாம் உள்ளேதானே இருக்கும்மா'ங்கறான். அப்புறம் அழறான். உனக்கும் தெரியும்னு சொன்னான். பொய்தானே?"

பொய் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. "நிஜந்தான்" என்றேன். "அந்தத் தலையணையைப் பார்த்தேனே மிட்சுயோ-சான். பயந்துட்டேன்."

"பயந்தா எங்கிட்ட சொல்லியிருக்கணும். கூடத்துல படுத்திருப்பேன். பாதியை வித்திருப்பேன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. ஒன்பது மாசமா என் கூட உக்காந்து டீ குடிச்சியே!"

வாசலிலேயே குனிந்து மன்னிப்புக் கேட்டேன். நிமிர தைரியம் வரவில்லை.

"நொபு நான் பெத்தவன். இன்னைக்கு இல்லேன்னா நாளைக்கு அவனை மன்னிச்சுத்தான் ஆகணும்" என்றார். "நீ எதிர் வீட்டுக்காரி. உன்னை மன்னிக்கணும்னு எனக்கு என்ன கட்டாயம்?"