சிவப்புச் சீட்டு

தொண்ணூறுகளில் கோலாலம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவும் வேலை பார்த்தேன். சிவப்புச் சீட்டு ஒட்டிய எதையும் வெள்ளிக்கிழமை குப்பை லோரியில் ஏற்றுவதும் என் பொறுப்பு.

அங்கே ஒரு டாக்டரம்மா இருந்தார். மூக்குக்கண்ணாடியின் ஒடிந்த காலை ரப்பர் பேண்டால் கட்டியிருப்பார். ஆய்வுக்கூடத்தில் தின்னக்கூடாது என்பதால், தலையை மட்டும் கதவுக்கு வெளியே நீட்டிக் கச்சாங் பூத்தே வறுகடலை கொறிப்பார்.

ஒரு வியாழக்கிழமை, மேலதிகாரி அந்த அம்மாவின் பழைய ஃபிரீசரில் சிவப்புச் சீட்டை ஒட்டிவிட்டுப் போனார். ஐந்து வருடமாக அவர் சேர்த்த புற்றுநோய் செல்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. டாக்டரம்மா கெஞ்சிப் பார்த்தும் மேலதிகாரி மசியவில்லை.

சற்று நேரத்தில் டாக்டரம்மாவின் தலை வெளியே வந்தது.

“அண்ணே, செல்லுக்குள்ளயும் இதே கதைதான். வேணாத புரோட்டீனுக்குச் சீட்டு ஒட்டுவாங்க. அரைக்கிற மெஷின் அதைத் தின்னுடும். அந்த மெஷினை அடைச்சிட்டா, கேன்சர் செல் தன்னோட குப்பையிலேயே செத்துப்போகும். அதைத்தான் நான் பாக்கறேன்.”

“சீட்டைத் தப்பா ஒட்டிட்டா, டாக்டர்?”

“பிச்சுப் போடவும் உள்ளேயே ஆள் இருக்கு லா. சத்தமே போடாது.”

மிச்சக் கச்சாங்கை என் கையில் கொட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் லோரி வந்தபோது ஃபிரீசரில் சீட்டு இல்லை. மேலதிகாரியின் சுழல் நாற்காலியில் இருந்தது. சீட்டு இருந்தால் ஏற்ற வேண்டும், ஏற்றினேன். நாற்காலியைத் தேடி அலைந்ததில் அவர் ஃபிரீசரை மறந்தே போனார்.

முந்தின நாள் சாயங்காலம் நான் சீட்டைப் பிய்த்துக் குப்பைக்கூடையில்தான் போட்டேன். அது எப்படி நாற்காலிக்குப் போனது என்று டாக்டரம்மாவிடம் கேட்க, கடைசிவரை எனக்குக் கூச்சமாகவே இருந்தது.