தெரியும் என்றும் சொல்லாமல், தெரியாது என்றும் சொல்லாமல்

தாம்பரத்தில் குடிநோயாளிகளுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் ஆலோசனை சொல்லும் மையத்தில் எனக்கு வேலை. வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன். வெளியில் பார்த்தால் நானாக வந்து பேசமாட்டேன், நீங்கள் பேசினால் பேசுவேன். தெருவில் ஒருவரைப் பார்த்துச் சிரிக்காமல் போனாலே திமிர் பிடித்தவள் என்று பெயர் வரும் ஊர் இது. எனக்கு அந்தப் பெயர் எப்போதோ வந்துவிட்டது.

வீட்டில் இன்னும் மோசம். யாரைப் பற்றி யார் கேட்டாலும், “என்கிட்ட கேக்காதீங்க” என்பதுதான் என் பதில். இஸ்திரி போடுகிறவரானாலும் சரி, எதிர் வீட்டு மாமியானாலும் சரி. எனக்குத் தெரியாதவர்களைப் பற்றி மட்டும் ‘தெரியாது’ என்று சொன்னால், நான் வாயை மூடிக்கொள்ளும்போது குட்டு உடைந்துவிடும் இல்லையா? அதனால் எல்லோருக்கும் ஒரே பதில். “என் பேரைக் கேட்டாலும் இவ இதைத்தான் சொல்லுவா” என்று என் கணவர் ஊரெல்லாம் கிண்டல் செய்வார்.

அவருடைய அக்கா, என் நாத்தனார், சிட்லபாக்கத்தில் அடுத்த தெருவில் இருக்கிறார். ஒரு நாள் போனும் கையுமாக வந்தார். அவர் மகனுக்கும் கூட வேலை செய்யும் பெண்ணுக்கும் காதல். பெண் வீடு பீர்க்கன்கரணை.

“இவர்தான் பொண்ணோட அப்பா. வாடகைப் பாத்திரக் கடை வெச்சிருக்காராம். நீதான் அந்தப் பக்கமெல்லாம் போறியே, ஆள் எப்படி?”

போனில் இருந்த படத்தில் அந்தப் பெரிய மீசையைப் பார்த்ததுமே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. மையத்தில் என் எதிரில் உட்கார்ந்து, அந்த மீசை நனைய அழுதவர். குடியை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. ஆனால் ‘குடி’ என்ற சொல் காதில் விழுந்தாலே என் நாத்தனார் சம்பந்தத்தை முறித்துவிடுவார்.

“என்கிட்ட கேக்காதீங்க அண்ணி.”

“ஆரம்பிச்சிட்டா!” என்று தலையில் அடித்துக்கொண்டு போனார். அதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. இத்தனை நாள் வாங்கிய கெட்ட பெயர் அன்றைக்கு உதவியது.

பூ வைக்கப் போனோம். வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்ற பெண்ணின் அப்பா, என்னைப் பார்த்ததும் பன்னீர் தெளிக்க மறந்துவிட்டார். நான் முன்பின் பார்க்காதவள் போல, “வணக்கம் சார்” என்றேன். அவரும், “வாங்க மேடம்” என்றார். அப்புறம் மனிதர் என்னை விடவில்லை. கேசரி கொண்டு வந்து வைத்தார். தீர்வதற்குள் இன்னும் கொஞ்சம் கேசரி. “உன்னை மட்டும் ஏன் இப்படி கவனிக்கிறாரு?” என்று என் கணவர் காதைக் கடித்தார். நான் கேசரியை வாயில் அடைத்துக்கொண்டேன்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. தட்டு மாற்றப் போகும் நேரத்தில் என் நாத்தனாரின் கணவர் உற்சாகத்தில் சம்பந்தியின் தோளில் கை போட்டார். “கல்யாணம் முடியட்டும் சம்பந்தி. நாம ரெண்டு பேரும் ஒரு பார்ட்டி வெச்சிக்கணும்!”

பெண்ணின் அம்மா அப்படியே நின்றுவிட்டார். பெண்ணின் அப்பா சிரித்து மழுப்பியிருந்தால் போதும். நானும் அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன். அவர் மழுப்பவில்லை.

“நமக்கு அது ஆவாதுங்க. முன்னாடி குடிச்சிகினு இருந்தேன், ரொம்ப மோசமா. வூட்டையே பேஜார் பண்ணிட்டேன். இப்ப வுட்டுட்டேன். தோ ஒக்காந்துகினு கீறாங்களே மேடம், அவங்ககிட்டதான் போனேன். இத மறைச்சி பொண்ண குடுத்தா நல்லா இருக்காது.”

கூடம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. என் வாய் நிறையக் கேசரி, கண் நிறையத் தண்ணீர். அவ்வளவு பெருமையாக இருந்தது எனக்கு. பெண் ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

என் நாத்தனார் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்திருக்க வேண்டும். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் அப்பாவின் கையை விடவே இல்லை. அப்புறம் தன் கணவரிடம், “பார்ட்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம். தட்டை எடுங்க, நல்ல நேரம் போகுது” என்றார். பூவை அவரே வைத்துவிட்டார்.

சிட்லபாக்கத்தில் காரை விட்டு இறங்கியதும் நாத்தனார் என்னைத் தனியே இழுத்தார்.

“உனக்கு அன்னைக்கே தெரியும்.”

“என்கிட்ட கேக்காதீங்க அண்ணி.”

“என்கிட்டயே சொல்லலை இல்ல?” என்றார். நிஜமான கோபம்தான். பிறகு குரலைத் தாழ்த்தினார். “நான் உங்க சென்டருக்கு வந்தா, தம்பிகிட்டகூட சொல்லமாட்டியே?”

உறவுக்காரர்களை நான் பார்க்கக்கூடாது என்று சொல்லி, என் தோழியின் எண்ணைக் கொடுத்தேன். போனார். பிறகும் போனார். இப்போது முகம் தெளிந்திருக்கிறது. இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டதற்கு, தாராளமாக எழுது, எதற்காகப் போனேன் என்பதை மட்டும் எழுதாதே என்றார். எழுதலாம் என்றாலும், அது சத்தியமாக எனக்குத் தெரியாது.