எல்லாப் பழியும் பால் பாக்கெட்டுக்கே

பால் பூத் நடத்துகிறவர்களுக்கு இது புதிதில்லை: நாம் விற்பது பாலும் தயிரும், நம்மிடம் திரும்பி வருவது வாந்திக் கதைகள். மந்தைவெளியில் என் பூத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒயின்ஷாப். அங்கே குடித்தது ஒத்துக்கொள்ளாவிட்டால் இங்கே சண்டைக்கு வருவார்கள். என் கணவரும் அந்தக் கடைக்குப் போகிறவர்தான் என்பதால், இந்தக் கதைகளைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வருவதில்லை, பயம்தான் வருகிறது. வீட்டில் அப்படி ஒருவரை வைத்துக்கொண்டு கல்லாவில் உட்காரும் சகோதரிகளுக்கு நான் விளக்க வேண்டாம்.

புதுசு எது?

ஒரு அம்மாள் பாதி காலியான பால் பாக்கெட்டை என் முகத்துக்கு நேரே ஆட்டினார். ராத்திரி அவர் கணவர் எடுத்த வாந்தியில் பால் திரிதிரியாக வந்ததாம். அதனால் நான் விற்றது கெட்ட பால். சாந்தோம் கான்வென்ட்டில் சிஸ்டர்கள் பழக்கிவிட்டபடி முதலில் ‘சாரி’ சொன்னேன். பிறகுதான், யார் வயிற்றுக்குள் போனாலும் பால் திரியத்தான் செய்யும் என்றேன். கைக்குழந்தையாக இருந்தபோது என் மகள் என் தோளில் கக்கியதெல்லாம் அப்படித்தான் இருந்தது.

“பாலுக்கு முன்னாடி வேற ஏதாவது குடிச்சாரா?” என்று கேட்டேன். கொஞ்சமும் தயங்காமல் சொன்னார்: “அது தெனமும் குடிக்கிறதுதான் மேடம். நேத்து புதுசா குடிச்சது உங்க பாலைத்தான்.”

கோட்டிங்

சனிக்கிழமை சாயந்திரம் மூன்று பையன்கள் வருவார்கள். ஆளுக்கொரு பாக்கெட் பாலை நின்றபடியே பல்லால் கிழித்துக் குடிப்பார்கள். “வயித்துக்கு கோட்டிங் குடுத்துட்டு போனா சரக்கு ஒண்ணும் பண்ணாதுக்கா” என்பது அவர்கள் கண்டுபிடிப்பு. அப்படி எந்தக் கவசமும் கிடையாது, சாப்பிட்டுவிட்டாவது போங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

மறுநாள் அதில் ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வெளிறிப்போய் வந்து நின்றான். “இன்னாடா ஆச்சு?” என்று அவர்கள் பாணியிலேயே கேட்டேன். அவன் சொன்னான்: “கோட்டிங் உரிஞ்சிட்ச்சிக்கா. எரிஞ்சிகினே கீது. இன்னொரு பாக்கெட் குடு.”

மாமாவின் ஆறுதல்

கபாலி கோயில் பக்கத்திலிருந்து ஒரு மாமா வருவார். கிளப்பிலிருந்து திரும்பும்போது மசாலா மோர் இரண்டு பாக்கெட். வாயில் வாடை தெரியாமல் இருக்க. அது நேராகப் போய் உப்புசமும் பேதியுமாக அவரைப் படுத்தியது. மகளைக் காட்ட குழந்தை டாக்டரிடம் போயிருந்தபோது இதையும் கேட்டேன். சரக்கு வயிற்றைப் புண்ணாக்குகிறது, சிலருக்குப் பால் ஏற்கெனவே ஒத்துக்கொள்ளாது, இரண்டும் சேர்ந்தால் வேறென்ன ஆகும் என்றார்.

மாமியிடம் இதை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது மாமியே வந்தார். “இனிமே எங்காத்துக்குப் பால் போட வேண்டாம்மா. அவருக்கு ஒத்துக்கலை. கருப்புக் காபிதான் குடுத்துண்டிருக்கேன். பாவம், அந்தக் கிளப் ஒண்ணுதான் அவருக்கு ஆறுதல்.”

என் மகளின் டம்ளர்

எங்கள் வீட்டிலும் பால்தான் குற்றவாளி. காலையில் நெஞ்சு எரிகிறது என்று என் கணவர் ஃபிரிட்ஜிலிருந்து பாலை எடுத்து மடமடவென்று குடிப்பார். கொஞ்ச நேரத்தில் குளியலறையில் சத்தம் கேட்கும். “பால் விக்கிற வீட்டுல ஒரு நல்ல பாலா எடுத்து வைக்கத் தெரியலை” என்பார் அத்தை, என் மாமியார். நான் தரையைக் கழுவுவேன்.

ஒருநாள் என் நாலு வயது மகள் தன் டம்ளரை இரண்டு கையாலும் தள்ளினாள். “எனக்குப் பால் வேண்டாம்மா. பால் குடிச்சா அப்பா மாதிரி ஆயிடுவேன்.”

வெள்ளையாக இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருக்கு மறுபடியும் வாந்தி. இந்தத் தடவை திரிந்த பால் இல்லை, காபித்தூளைக் கரைத்து ஊற்றியது போலக் கறுப்பாக இருந்தது. ரத்தம்தான் அப்படி வரும் என்று எங்கேயோ படித்திருந்தேன். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அத்தையும் நானும் ஆட்டோவில் அவரைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

“என்ன சாப்பிட்டார்?” என்று டாக்டர் கேட்டு முடிப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார்: “பால் டாக்டர், பால் ஒத்துக்கலை.” ஸ்ட்ரெச்சரில் இருந்து அவர் என்னையே பார்த்தார், காட்டிக்கொடுக்காதே என்பது போல. எனக்கு டம்ளரைத் தள்ளிய அந்தக் கைகள்தான் கண்ணில் தெரிந்தன. “தினமும் குடிக்கிறார் டாக்டர். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே. நேத்து ராத்திரி ரொம்ப அதிகம்” என்றேன். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நர்ஸை அவசரமாகக் கூப்பிட்டார்.

அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்கள். அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை. சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: “பாலுன்னே சொல்லியிருக்கலாமேடி. பால் என்ன கோவிச்சுக்கவா போகுது?”

என் கணவர் இன்னும் வார்டில்தான் இருக்கிறார். கெட்டுப்போனதை மாற்றிக் கொடுப்பது எங்கள் தொழிலில் உண்டு என்றாலும், பாக்கெட்டில் இருப்பதை மட்டும்தான் மாற்ற முடிகிறது.