சும்மா கொடுத்த மஞ்சள் டி-ஷர்ட்

இன்று மும்பை செம்பூரில் என் பேத்தி செல்வியின் காலேஜ் கபடி ஃபைனல். "எனக்காகக் கத்த நீங்க ஒரு ஆளாவது வரணும் தாத்தா" என்றிருந்தாள். தாராவியிலிருந்து பஸ் ஏறிப் போனேன்.

வாசலில் ஒரு பையன் மஞ்சள் டி-ஷர்ட்டும், பன்னுக்குள் வடை வைத்த வடாபாவும் நீட்டினான்.

எனக்குச் சந்தேகம். எங்கள் பக்கம் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அது கட்சிக் கூட்டம்தான்.

"எந்தக் கட்சிடே?"

"கட்சி இல்ல அங்கிள், மேட்ச். ஃப்ரீதான்."

"கடைசியில லாரியில ஏத்திட்டுப் போயிருவியோ?"

அம்மா மேல் சத்தியம் செய்தான். துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சின்னம் எதுவும் இல்லை. போட்டுக்கொண்டு மேளம் அடிக்கிற கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்தேன்.

செல்வியின் அணி நீல உடையில் வந்தது. "விடாத தாயி, அமுக்கு!" என்று கத்தினேன். சுற்றியிருந்த மஞ்சள் சட்டைகள் எல்லாம் திரும்பி முறைத்தன. எதிரணிக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.

நிறுத்தவில்லை. செல்வியின் அணிதான் ஜெயித்தது!

வரும் வழியெல்லாம் அவள் என் டி-ஷர்ட்டையே பார்த்தாள். "உண்மையைச் சொல்லுங்க தாத்தா. ஒரு வடாபாவுக்கா கட்சி மாறினீங்க?"

தின்றது இரண்டு வடாபாவ் என்பதை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது என்ற தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன். யாரும் படித்துக் காட்டிவிடாதீர்கள்.