மரித்தோர் பக்கம் எழுதிய பெயர்

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது மரக்காணத்தில் எங்கள் கோயிலில் பூசைக் கருத்து எழுதுவதற்கென்று ஒரு நீள நோட்டு இருந்தது. சாமியார் அறைக்கு வெளியே, மேசைமேல், நூலில் கட்டிய பேனாவோடு கிடக்கும். இடது பக்கம் மரித்தோர், வலது பக்கம் உயிரோடிருப்போர். முதல் நாள் மாலைக்குள் பெயரை எழுதிவிட்டால் மறுநாள் காலை ஆறரை மணிப் பூசையில் சாமியார் அதைப் படித்து வேண்டிக்கொள்வார்.

அண்ணன் இறந்து ஒரு வருடம் நிறைவதற்கு முதல் நாள் அம்மா என்னைக் கூப்பிட்டாள். "ரெண்டு பேரு எழுதணும். உன் அண்ணன் பேரு, அப்புறம் உன் சித்தப்பா பேரு. அழகா எழுதிட்டு வா." அவ்வளவுதான் சொன்னாள். எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. என் கையெழுத்தை அம்மா புகழ்ந்ததாக எடுத்துக்கொண்டு ஓடினேன்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இருக்காது. ஆட்கள் ஊரை ஒட்டிய உப்பங்கழியில் இறால் பிடிக்கப் போவார்கள். முந்தின வருடம் அப்படித்தான் அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, தோணியில் அண்ணனையும் ஏற்றிக்கொண்டு போனார். காற்று சரியில்லை, பிள்ளையைக் கூட்டிப் போகாதே என்று அம்மா சொல்லியிருந்தாள். தோணி கவிழ்ந்தது. சித்தப்பா மட்டும் கரையேறினார். அண்ணனுக்குப் பன்னிரண்டு வயது.

அடக்கத்தன்று, "இனிமே அவன் எனக்குச் செத்துட்டான்" என்று அம்மா எல்லார் முன்னாலும் சொன்னாள். அதிலிருந்து அவர் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருவார். அம்மா உள்ளே இருப்பதால் வாசலுக்கு வெளியிலேயே நின்று பூசை காண்பார்.

நோட்டைத் திறந்து அண்ணன் பெயரை இடது பக்கம் எழுதினேன். சித்தப்பா பெயருக்கு வந்ததும் பேனா நின்றது. அவர் உயிரோடிருப்பது எனக்குத் தெரியாததல்ல. இரண்டு நாளைக்கு முன்புதான் பள்ளிக்கூட வாசலில் எனக்குக் கமர்கட் வாங்கிக் கொடுத்திருந்தார். ஆனால் பூசை கேட்பது அம்மா. அம்மாவுக்கு அவர் செத்துவிட்டார். ஆகவே முறைப்படி அவரையும் இடது பக்கமே, அண்ணனுக்கு நேர் கீழே, கோடு விலகாமல் எழுதினேன்.

சாமியார் ஊருக்குப் புதியவர். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மறுநாள் காலை அவர் இரண்டு பெயரையும் படித்து, இந்த ஆத்துமாக்கள் நித்திய இளைப்பாற்றி அடையவேண்டும் என்று உருக்கமாக வேண்டினார். வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"சாமி, அந்த ரெண்டாவது ஆளு நான்தாங்க. இன்னும் சாவலீங்க."

ஆண்கள் பக்கமிருந்து யாரோ, "டேய், சாமியே சொல்லிட்டாரு, கம்முனு படுடா!" என்றார். சிரிப்பு கிளம்பியது. சாமியார் நோட்டைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"யாரு எழுதினது இது?"

எழுந்து நின்றேன். "நான்தான் சாமி. அவரு செத்துட்டாருன்னு அம்மாதான் சொன்னாங்க."

சிரிப்பு அப்படியே அறுந்தது. ஊரில் எல்லாருக்கும் அந்தச் சொல் தெரியும். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள், வீட்டுக்குப் போனதும் எனக்கு அடி நிச்சயம் என்று நினைத்தேன். முந்தானையை எடுத்தபோது கண் நிறைய நீரோடு சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடத்தில் அவள் பல்லைப் பார்த்தது அன்றுதான்.

"அறிவு கெட்டவளே" என்று என்னை இழுத்து மடியோடு உட்காரவைத்தாள். பிறகு வாசல் பக்கம் திரும்பினாள். "செத்தவன் ஏம்பா வெளியில நிக்கிறே? உள்ள வா."

சித்தப்பா, "தோ வர்றேன் அண்ணி" என்று அவசரத்தில் செருப்போடு உள்ளே வந்துவிட்டார். நாலு பேர் அதட்ட, திரும்ப ஓடிக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தார். அப்பா நகர்ந்து இடம் விட்டார். சாமியாருக்குப் பூசையைத் தொடர இரண்டு நிமிடம் பிடித்தது. இரண்டு முறை தொடங்கி இரண்டு முறையும் சிரித்துவிட்டார்.

அன்று எனக்கு இன்னொரு சந்தோஷமும் இருந்தது. பரலோக மந்திரம் சொல்லும்போது, பிறர் பிழையைப் பொறுப்பது பற்றிய வரி வந்தால் அம்மா ஒரு வருடமாக வாயை மூடிக்கொள்வாள். அடுத்த வரியில்தான் மறுபடி சேர்ந்துகொள்வாள். பாவம், துக்கத்தில் அந்த ஒரு வரி மறந்துவிட்டது என்று நினைத்து, வீட்டுச் செபத்தில் அவள் காதோரம் அதை மெதுவாகச் சொல்லிக்கொடுத்து வந்தேன். அன்றைய பூசையில் அம்மா அந்த வரியை விடாமல், எனக்குக் கேட்கும்படி சொன்னாள்.

நான் சொல்லிக்கொடுத்தது ஒருவழியாக அம்மாவுக்கு ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.