கரிசல் மண்ணில் முப்பத்தெட்டு கால்கள்

மலிவாகக் கட்டினோம் என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்குச் சந்தேகம் வரும். எவ்வளவு குறைத்தோம் என்று சொல்வார்கள், எதைக் குறைத்தோம் என்று சொல்ல மாட்டார்கள். செப்டம்பர் கடைசியில் வாசகர் ஒருவர் அனுப்பிய துண்டறிக்கைப் படத்தைப் பார்த்தபோதும் அப்படித்தான். கோவில்பட்டிக்குக் கிழக்கே புதிதாகத் திறந்திருக்கும் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா. "தொண்ணூறு லட்சத்தில் இருபத்திநாலு அடி ரோலர் கோஸ்டர். உங்கள் ஊரிலும் அமைத்துத் தருகிறோம்."

இந்தப் பக்கத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு விளக்கம். மதுரையில் இரும்புக் கட்டுமானங்களுக்கு வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். விடுமுறை நாட்களில் ரோலர் கோஸ்டர்களைத் தேடிப் போகிறேன். எது பெரியது, எது வேகமானது என்று எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். கட்டிய செலவுக்கு எது நன்றாக ஓடுகிறது என்பதுதான் என் கேள்வி. ஏனென்றால் அந்தச் செலவு கடைசியில் நுழைவுச்சீட்டில் வந்து நிற்கும். ஆயிரத்து இருநூறு ரூபாய் சீட்டு விற்கும் பூங்காவில், தீப்பெட்டி ஆபீஸ் என்று இங்கே சொல்லும் தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு குடும்பம் என்றைக்கும் ஏறாது. இருபத்திநாலு அடி உயரத்துக்கு வெளிநாட்டு வண்டி இறக்கினால் மூன்று கோடி ஆகும் என்று விற்பனைக்காரர் ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். அதே உயரம் தொண்ணூறு லட்சத்தில் எப்படி முடியும்? போய்ப் பார்க்கக் கிளம்பினேன்.

அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை காலை ஏழரைக்கு மாட்டுத்தாவணியில் பேருந்து. கட்டணம் நூற்றுப் பத்து ரூபாய், ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். கோவில்பட்டி ஊருக்குள் போகும் என்று சொல்லி ஏற்றிய நடத்துநர், பத்து மணிக்குப் புறவழிச் சாலையில் இறக்கிவிட்டார். ஏறும்போதே இரண்டு முறை கேட்டுக்கொள்ளுங்கள். அங்கிருந்து பூங்கா ஒன்பது கிலோமீட்டர், ஆட்டோதான் வழி.

"அங்கனயா? போக இருநூறு அண்ணாச்சி. திரும்பி வந்தா இன்னொரு இருநூறு."

"திரும்பி வந்தாவா?"

"வருவீங்க, வருவீங்க. இதுவரைக்கும் எல்லாரும் வந்துட்டுத்தான் இருக்காங்க."

சாலையின் இரண்டு பக்கமும் மானாவாரி நிலம். விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருந்தார்கள். வெடிப்புகளில் என் கை முழங்கை வரை போகும்போல இருந்தது. ஓட்டுநர் அதைக் காட்டினார். "எங்க வீட்டுச் சுவத்துல வருசா வருசம் விரிசல் விழுது. பூசுதோம், விழுது. திரும்பப் பூசுதோம், திரும்ப விழுது. சும்மா நிக்கிற சுவரே அங்கன நிக்க மாட்டேங்கு. இவனுவ ரயிலு விடுதானுவ."

நுழைவுக்கு ஐம்பது ரூபாய், ரோலர் கோஸ்டருக்கு எண்பது. வண்டிக்கு மயில் முகம், ஐந்து பெட்டி, பத்துப் பேர். சங்கிலி இழுத்து மேலே கொண்டுபோய் விட, நூற்றெண்பது மீட்டர் வளையத்தை இரண்டு முறை சுற்றி வருகிறது. தீப்பெட்டி இயந்திரம் செய்யும் உள்ளூர்ப் பட்டறை ஒன்று அடித்த இரும்பு. பற்றவைப்பைக் கிட்டப் போய்ப் பார்த்தேன், குறை சொல்ல இடமில்லை. பிறகு குனிந்து கால்களைப் பார்த்தேன்.

மொத்தம் முப்பத்தெட்டு கால்கள். ஒவ்வொன்றும் ஒரு கான்கிரீட் மேடையில் நான்கு நீள போல்ட்டுகளில் நிற்கிறது. காலின் அடித்தட்டுக்கும் மேடைக்கும் நடுவே மெல்லிய இரும்புத் தகடுகளைச் சொருகியிருந்தார்கள். ஒரு காலில் மூன்று, பக்கத்துக் காலில் எட்டு. ஆடுகிற மேசைக்கு டீக்கடையில் அட்டையை மடித்து வைப்பார்களே, அப்படித்தான் பட்டது. கைபேசியை எடுத்தேன்.

"என்ன போட்டோ எடுக்குதீங்க?"

பின்னால் விளக்குமாற்றோடு ஒரு அக்கா நின்றார். சேலைக்கு மேல் நீலச் சட்டை.

"இந்தத் தகடு எதுக்குக்கா?"

"மட்டத்துக்கு."

"மட்டம் பார்த்துக் கட்டலையா?"

"கட்டுத அன்னைக்கு மட்டமாத்தான் இருந்துது. மண்ணு கேக்கணும்லா."

"ஆபத்து இல்லையா?"

"தகடு இருக்கதுதான் தம்பி நல்லது. காலையில ஆறரைக்கு வாங்க, காட்டுதேன். இப்பக் கூட்டணும்."

கையில் விளக்குமாறு இருந்ததால் முதலாளி சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிறார் என்று முடிவு செய்தேன். சட்டையும் தொப்பியும் போட்ட ஒருவர் இதையே சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பேன். அது எனக்கு மறுநாள்தான் உறைத்தது.

வண்டியில் ஏறவில்லை. திரும்பும்போது ஆட்டோவிலேயே படத்தைப் போட்டேன். "எட்டுத் தகடு, ஒரு கால். இதில்தான் பிள்ளைகளை ஏற்றுகிறார்கள்." ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எழுநூறு ரூபாய்க்கு அறை எடுத்துக் குளித்து முடிப்பதற்குள் அது என் கையை விட்டுப் போயிருந்தது. மாலைக்குள் நாலாயிரம் பேர் பகிர்ந்திருந்தார்கள். ஒழுங்காக ஆராய்ந்து எழுதிய எந்தப் பதிவுக்கும் எனக்கு அப்படி நடந்ததில்லை. அதற்காகவாவது நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அன்றிரவு நல்ல மழை. நனைந்த கரிசல் உப்பும் என்று படித்திருக்கிறேன். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்ற நினைப்பில் ஞாயிறு காலை ஆறு இருபதுக்கே போய்விட்டேன். செருப்பில் இரண்டு கிலோ மண் அப்பியிருந்தது.

அந்த அக்கா தோளில் உள்ளே தெரியும் நீளமான பிளாஸ்டிக் டியூபைச் சுருட்டிப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே தண்ணீர். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் அதே டியூப். வளையத்தின் நடுவே தண்ணீர் வராமல் கைவிட்ட ஓர் ஆழ்துளைக் கிணறு இருக்கிறது. அதன் இரும்புக் குழாயில் ஒரு கோடு வெட்டியிருந்தது. ஒவ்வொரு காலிலும் அதே போல ஒரு கோடு.

"வந்துட்டீங்களா? வாட்ச்மேன் மழைக்கு வரல. இந்த முனையப் பிடிங்க. தண்ணி கோட்டுல நின்னா நிக்குன்னு சொல்லுங்க."

"இந்தக் குழாயில ஏன் கோடு?"

"இது பாறை வரைக்கும் போயிருக்கு. இந்த நெலத்துல அசையாதது இது ஒண்ணுதான்."

நான் பிடித்தேன். அவர் மறுமுனையோடு கால்களை நோக்கிப் போனார். முதல் கால், இரண்டாம் கால், எங்கே வைத்தாலும் தண்ணீர் கோட்டில் அசையாமல் நின்றது. "நிக்குது", "நிக்குது" என்று நான் உற்சாகமாகக் கத்திக்கொண்டிருந்தேன். அவர் திரும்பி வந்து என் கையைப் பார்த்தார். டியூபின் வாயைக் கட்டைவிரலால் அடைத்திருந்தேன்.

"விரல எடுங்க தம்பி. வாயப் பொத்திக்கிட்டு உண்மையச் சொல்லுன்னா, தண்ணி எப்படிச் சொல்லும்?"

விரலை எடுத்ததும் தண்ணீர் ஆடி அடங்கியது. மறுபடி முதலில் இருந்து. மழைத்தண்ணீர் தேங்கிய தெற்கு மூலையில் மூன்று கால்கள் எழும்பியிருந்தன. அதிகம் போனால் நான்கு மில்லிமீட்டர். அவர் ஜாக்கியைக் கொடுத்துக் காலைத் தாங்கவைத்து, நட்டைத் தளர்த்தி, இரண்டு தகடுகளை உருவினார். மண் காய்ந்து இறங்கும் நாட்களில் அதே தகடுகளைத் திரும்பச் சொருகுவாராம். முப்பத்தெட்டு காலையும் பார்த்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. பிறகு பத்து மணல் மூட்டைகளை வண்டியில் ஏற்றி, ஆளில்லாமல் மூன்று முறை ஓடவிட்டார்.

மட்டம் பார்க்க எங்கே கற்றார் என்று கேட்டேன். எட்டு வருடம் சித்தாள் வேலை. இந்த மேடைகளுக்கும் அவர்தான் கலவை சுமந்தவர். ஆழமாகத் தோண்டி அஸ்திவாரம் போடப் பணம் போதாது என்றபோது போல்ட்டை நீளமாக விடச் சொன்னது பட்டறைக்காரர், ஆழ்துளைக் குழாயில் கோடு போட்டுத் தினமும் பார்க்கலாம் என்றது இந்த அக்கா. ஆக, தொண்ணூறு லட்சத்தில் எதைக் குறைத்தார்கள் என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டது. அஸ்திவாரத்தைக் குறைத்து, அந்த வேலையைத் தினமும் காலையில் ஒரு பெண்ணின் தோளில் ஏற்றியிருக்கிறார்கள். துண்டறிக்கையில் அவருக்குப் பெயர் "எங்கள் பொறியாளர் குழு". சம்பளப் பட்டியலில் துப்புரவு, நாளுக்கு முந்நூற்று எண்பது ரூபாய்.

எட்டரைக்கு முதலாளி வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். காரின் பின்னால் சிமெண்ட் மூட்டை ஏற்றிய சிறு வண்டி, அதில் ஒரு கொத்தனார்.

"தம்பிதான் போட்டோ போட்டதா? சரியாத்தான் போட்டிருக்கீங்க. அசிங்கமா இருக்கு. எல்லாத்தையும் பூசி மூடிருதோம்."

மூடினால் மட்டம் சரிசெய்ய முடியாது, கால் எழும்பினால் தண்டவாளம் முறுக்கிக்கொள்ளும் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நேத்துத் தகடு இருக்கு, ஆபத்துன்னீங்க. இன்னைக்கித் தகடு இல்லன்னா ஆபத்துங்கீங்க. தகடு தெரிஞ்சா சனம் பயப்படுது, தெரியலன்னா பயப்படாது. நான் சனத்தைப் பாக்கவா, உங்களைப் பாக்கவா?" பிறகு அக்கா பக்கம் கையைக் காட்டினார். "மூடிட்டா இந்தம்மாவுக்கும் காலை வேலை மிச்சம். நாளையிலேர்ந்து தீப்பெட்டி வேலைக்குப் போகட்டும்."

பதிவை அங்கேயே நீக்கினேன், திருத்தமும் போட்டேன். மதியம் வரை அதைப் பகிர்ந்தவர்கள் பதினோரு பேர்.

அக்கா என்னைத் திட்டியிருக்கலாம். டியூபைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "கூட்டுத வேலை எங்கன போனாலும் கிடைக்கும் தம்பி. மூடின பொறவு இங்கன எதாவது ஆச்சின்னா, காலையில பாத்தது யாருன்னு கேப்பாங்க. அப்ப மட்டும் எம்பேரக் கண்டுபிடிச்சிருவாங்க."

கொத்தனார் வண்டியிலிருந்து இறங்கி வந்தார். அந்த அக்கா அவரிடம்தான் எட்டு வருடம் சித்தாளாக இருந்தார் என்று எனக்குப் பிறகுதான் தெரியும். மேடை ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஈர மண்ணைக் கிள்ளி உருட்டிப் பார்த்தார்.

"மொதலாளி, மண்ணு ஈரத்துல பொதுமிக் கிடக்கு. இப்பப் பூசுனா ரெண்டே நாள்ல வெடிச்சிரும். அதையும் ஒருத்தன் போட்டோ எடுப்பான். தகட விட அது அசிங்கம். பத்து நாள் காயட்டும்."

முதலாளி என்னைப் பார்த்தார், என் கைபேசியைப் பார்த்தார். "பத்து நாள்" என்றார். அதுவரை அக்கா வரலாம்.

கார் போனதும் கொத்தனாரிடம் அது உண்மையா என்று கேட்டேன். "உண்மைன்னா என்ன, பொய்யின்னா என்ன? பத்து நாள் கிடைச்சிதுல்லா. அதுக்குள்ள ஐப்பசி மழை பிடிச்சிரும். அது எப்பக் காயும்னு யாரு கண்டா."

பத்தே முக்காலுக்கு எண்பது ரூபாய் கொடுத்து ஏறினேன். முன் பெட்டியில் தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்யும் ஒரு பெண்ணும் அவருடைய இரண்டு பிள்ளைகளும். பயமில்லையா என்றதற்கு, "வாரம் ஆறு நாளு தீக்குச்சி மருந்துக்குப் பக்கத்துல இருக்கேன். இது என்ன செஞ்சிரும்" என்றார். முதல் இறக்கத்தில் வயிறு மேலே வந்தது. தெற்கு மூலை வளைவில் ஓர் அதிர்வுகூட இல்லை. நான் மூன்று கோடி வண்டிகளிலும் ஏறியிருக்கிறேன். கட்டிய செலவுக்கு இதைவிட நன்றாக ஓடும் ஒன்றை இன்னும் பார்க்கவில்லை. ஆனால் அந்தச் செலவில் ஒருவரின் கூலியைச் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள். அவரை விட்டுவிட்டு இதே வண்டியை உங்கள் ஊரில் அமைத்துத் தருகிறோம் என்றால் வாங்காதீர்கள்.

இதை எழுதுவது நான்காம் நாள். முதலாளி வேறு கொத்தனாரைப் பிடிக்க மாட்டார் என்று எனக்கு நம்பிக்கையில்லை. அக்கா தன் பெயரை எழுத வேண்டாம் என்றார். "தகட்டப் பத்தி எழுதுங்க, போதும்."

போகிறவர்களுக்கு: காலை பத்து மணிக்குத் திறக்கிறார்கள், பதினொன்றுக்குள் போனால் வரிசை இல்லை. தண்ணீர் கொண்டுபோங்கள், உள்ளே நிழல் கிடையாது. மழைக்கு மறுநாள் பழைய செருப்பே போதும். ரயிலில் தெற்கே போகிறவர்கள் கடம்பூரில் இறங்கிப் போளி வாங்கலாம், சூடாகக் கேளுங்கள். சீட்டு எடுப்பதற்கு முன் ஒருமுறை குனிந்து கால்களைப் பாருங்கள். தகடு தெரிந்தால் ஏறுங்கள். புதுச் சிமெண்ட் தெரிந்தால் ஆட்டோவை அனுப்பிவிடாதீர்கள். திரும்பி வர ஓட்டுநர் கேட்கும் இன்னொரு இருநூறை அங்கேயே கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.